பாதியிலேயே ‘டக்’ என்று நிற்கும் நாசில்

டேங்க் பாதி காலியாக இருக்கும், ஆனால் என் காரில் பெட்ரோல் போட்டால் நாசில் ‘டக்’ என்று நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி டக். எரிச்சலாக வரும்.

நாசில் முனையில் சின்னதாக ஒரு துளை உண்டு. அதைப் பெட்ரோலோ நுரையோ மூடினால் உள்ளே காற்று இழுபடாமல், பெட்ரோலை நிறுத்தும் விசை விழுந்துவிடும். அதனால் பங்க் ஊழியரிடம் நாசிலை ஒரு விரல் அளவு வெளியே இழுத்து, கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, கைப்பிடியைப் பாதிதான் அழுத்தச் சொன்னேன். ஓரளவு சரியானது, முழுசாக இல்லை.

அப்புறம் மெக்கானிக் பார்த்தார்: டேங்கிலிருந்து காற்று வெளியேறும் குழாயில் மண் அடைத்திருந்தது. சுத்தம் செய்ததும் தடங்கல் போச்சு. நிஜமாகவே நிறைந்த பிறகு ‘இன்னும் கொஞ்சம்’ என்று திணிக்க மட்டும் விடுவதில்லை. மிஞ்சுவது, பெட்ரோல் ஆவியை உறிஞ்சும் கரி டப்பாவுக்குள் போய்விட்டால் அது தனிச் செலவு.