ஸ்ட்ரோக் வந்தவரைக் கழிவறைக்கு அழைத்துப் போவது எப்படி

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் தாளில் 'டாய்லெட்டிங்' (கழிவறைப் பழக்கம்), 'டிரான்ஸ்பர்' (ஆளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது), 'பேசிவ் எக்சர்சைஸ்' (அசையாத கை காலை நாம் அசைத்துவிடுவது) என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் அவற்றை மூன்று வேலையாக நினைத்து மலைத்துப் போய், கடைசியில் பம்பர்ஸ் (பெரியவர்களுக்கான டயாப்பர்) மாட்டிவிட்டுப் படுக்கப் போட்டுவிடுவார்கள். வார்டில் மிஸ்ஸிமார்களுக்கு (நர்சுகளுக்கு) உதவியாளாக வேலை பார்த்துவிட்டு, இப்போது மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறேன். என்னைக் கேட்டால் மூன்றும் ஒரே வேலைதான். ஆளை எழுப்பி, கமோட் நாற்காலியில் (மலம் கழிக்க நடுவில் துளை வைத்த நாற்காலி) உட்கார வைத்து, திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்தாலே அன்றைய பயிற்சியில் பாதி முடிந்துவிடும்.

முதலில் நேரத்தைப் பிடியுங்கள். பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போன காலத்துப் பழக்கம் உடம்பை விட்டு லேசில் போகாது. விடியுமுன் ஒரு கோப்பி ஓ (பால் விடாத காப்பி), அப்புறம் வெளிக்குப் போவது என்று ஆயுசெல்லாம் இருந்தவரைப் பத்து மணிக்கு உட்கார வைத்தால் ஒன்றும் நடக்காது. அவருடைய பழைய நேரத்தை அவரிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். அதனால் பசியாறிய அரை மணி நேரத்துக்குள் உட்கார வைப்பது நல்லது. சிறுநீருக்கு, விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. "வருதா தாத்தா?" என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். "வாங்க தாத்தா, போய்ட்டு வந்துடலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

துணி நனையுமே என்று தண்ணீரைக் குறைக்கிற வீடுகளும் உண்டு. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், சிறுநீர்த் தொற்று வரும். இருதயம், கிட்னி காரணமாக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி கொடுங்கள். இல்லையென்றால் பகலிலேயே ஒன்றரை லிட்டர் போல உள்ளே போய்விடட்டும், பொழுது சாய்ந்த பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

இனி எழுப்புவது. வலது கை கால் விழுந்தவர், அதாவது அந்தப் பக்கம் செயலிழந்தவர் என்று வைத்துக்கொள்வோம். கமோட் நாற்காலியை அவருடைய இடது பக்கம், அதாவது நல்ல பக்கம், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போட்டுச் சக்கரத்தைப் பூட்டுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கியபடியே தோளைத் தாங்கி உட்கார வையுங்கள். உடனே நிற்க வைக்காதீர்கள். படுத்தே கிடந்தவர் சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். இரண்டு மூன்று நிமிடம் பாதம் தரையில் பதிய உட்காரட்டும், முகம் வெளுக்கிறதா என்று பாருங்கள். சிமெண்டுத் தரையில் ரப்பர் சிலிப்பர் வேண்டாம். காலைக் கவ்விப் பிடிக்கிற சப்பாத்து வேண்டும்.

அப்புறம் கைலி. தாத்தாக்களுக்கு அதுதான் பழக்கம், ஆனால் எழுப்பும்போது அதைப் பிடித்துத் தூக்கினால் முடிச்சு அவிழ்ந்து கையோடு வரும், காலிலும் சிக்கும். கயிறு வைத்த கால்சட்டை போட்டு, அதற்கு மேல் இடுப்பில் டிரான்ஸ்பர் பெல்ட் (ஆளைப் பிடித்து எழுப்ப உதவும் அகலமான பட்டை) கட்டுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது. விழுந்த கையை இழுத்தாலும் தோள் மூட்டு நழுவிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் இருக்கும். உங்கள் கழுத்தையும் அவர் கட்டிக்கொள்ள விடாதீர்கள். உங்கள் முழங்காலால் அவருடைய வலது முழங்கால் மடங்காமல் முட்டுக் கொடுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை அவரை முன்னால் குனியச் சொல்லுங்கள். குனிந்தால்தான் இடுப்பு தானாகக் கிளம்பும். ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணுங்கள். எழ வேண்டியது அவர், நீங்கள் பெல்ட்டைப் பிடித்து வழிகாட்டினால் போதும். நல்ல காலை ஊன்றித் திரும்பி, நாற்காலி தொடையின் பின்னால் பட்டதும் இடது கையால் பிடியைத் தேடி மெதுவாக உட்காரட்டும். நின்றதும் முழங்கால் தொய்ந்தால், தூக்கி நிறுத்தப் போராட வேண்டாம். தலையைக் காத்தபடி, உங்கள் கால் மேல் சறுக்கவிட்டுத் தரையில் உட்கார வையுங்கள்.

தோட்டத்து வீடுகளில் பெரும்பாலும் குந்து கழிவறைதான். அடியில் திறந்த கமோட் நாற்காலியை அதற்கு மேலேயே நிறுத்திவிடலாம். பாதத்துக்குக் கீழே சின்னப் பலகை வைத்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குந்துகிற வாட்டம் வந்துவிடும், முக்க வேண்டியிருக்காது. இடுப்பில் ஒரு துண்டைப் போர்த்தி, கதவைச் சாத்தி, கூப்பிடு தூரத்தில் நில்லுங்கள். மருமகள் எதிரே நின்றால் எந்த மாமனாருக்கும் வராது. கழுவுவதை அவர் நல்ல கையாலேயே செய்யட்டும், மிச்சத்தை நீங்கள் பாருங்கள். பெண்களுக்கு முன்னிருந்து பின்னால்தான் கழுவ வேண்டும். ஈரத்தை ஒற்றி எடுத்து, துத்தநாகக் களிம்போ வாசலினோ மெலிதாகத் தடவுங்கள். பவுடர் வேண்டாம், இடுக்கில் கட்டிப் பிடித்து உரசும்.

மூன்று நாள் போகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தண்ணீராக ஒழுகினால் வயிற்றுப்போக்கு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். உள்ளே மலம் கெட்டியாக அடைத்து, அதைச் சுற்றி நீர் மட்டும் கசிந்து வருவதாக இருக்கலாம். கிளினிக்கில் காட்ட வேண்டும்.

சிறுநீர் டியூப் போட்டிருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது, குழாய் மடங்கக்கூடாது. முக்கால்வாசி நிறையும் முன்பே காலி செய்யுங்கள்.

படுத்திருக்கும் நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். பழைய பருத்தி கைலி ஒன்றைத் தையலில் கிழித்து விரித்து, தோளிலிருந்து தொடைவரை அடியில் போட்டு, இரண்டு பேராக அதைப் பிடித்து நகர்த்துங்கள். ஆளை இழுத்தால் தோல் உரியும். தையலை விட்டுவைத்தால் அந்த வரி முதுகில் அழுந்தும். கெண்டைக்காலுக்குத் தலையணை கொடுத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் மிதக்க விடுங்கள். பெட் சோர் (படுக்கைப் புண்) ஆரம்பத்தைச் 'சிவப்பு' என்று தாளில் போட்டிருப்பார்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள்: சூடாகவோ இறுகியோ, சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ இருந்தால் அதுதான். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், அந்தப் பக்கம் படுக்கவும் விடாதீர்கள்.

விழுந்த கையை அசைக்காமல் விட்டால் விரல் மடங்கியபடியே இறுகிவிடும், உள்ளங்கையில் நகம் குத்தும். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, மூட்டுக்கு மேலும் கீழும் தாங்கிப் பிடித்து, தோள் முதல் விரல்வரை ஒவ்வொரு மூட்டையும் ஐந்து முறை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். வலித்தால் அங்கேயே நிறுத்துங்கள். நல்ல கையால் விழுந்த கையைப் பிடித்து அவரே செய்தால் இன்னும் நல்லது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய ஒரு தாத்தாவிடம் இப்படி மடக்கு, அப்படி நீட்டு என்றால் முறைப்பார். மரம் வெட்டிக் காட்டுங்கள் என்றதும் இரண்டு கையையும் சேர்த்து உளி பிடிப்பது போலக் கோத்து, மேலிருந்து கீழே சாய்வாக இழுத்துக் காட்டினார். தோளும் முழங்கையும் சேர்ந்தே அசைந்துவிட்டன. சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுங்கள்.

கட்டிலோரம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்: குடித்தது எவ்வளவு, சிறுநீர் எத்தனை தடவை, என்ன நிறம், கடைசியாக வெளிக்குப் போனது எப்போது. அரசாங்க கிளினிக்கிலிருந்து வீட்டுக்கே வந்து பார்க்கும் டொமிசிலியாரி சேவை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். அவர்கள் வந்தால் அந்த நோட்டைக் காட்டுங்கள். கருப்பாகத் தார் போல மலம் போனாலும், பல மணி நேரம் சிறுநீரே வராவிட்டாலும், நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆள் தெரியாமல் உளறினாலும் அவர்கள் வரும் நாளுக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நோட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.