டார்ட் போர்டு மாட்டி, முதல் 501 ஆடுவது வரை

பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஓர் ஆங்கிலக் கையேட்டை வைத்துத்தான், சுவரில் மாட்டிய வட்டப் போர்டில் குத்தும்படி டார்ட் என்ற சிறு கூரம்புகளை எறியக் கற்றுக்கொண்டேன். எறியும் முறைக்கு அது அருமையான ஆசான். ஆனால் போர்டை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்கிறது! இங்கிலாந்து மதுக்கூடங்களில் எல்ம் மரப் போர்டுகள் தொங்கிய காலத்து வழக்கம் அது. இன்றைய போர்டு கற்றாழை நாரை இறுக்கிச் செய்தது. தண்ணீர் பட்டால் உப்பிவிடும், தயவுசெய்து நனைக்காதீர்கள். எறியும் தூரத்தையும் பழைய புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டாம். அப்போது 8 அடி, 9 அடி என்று ஊருக்கு ஊர் வேறுபட்டது.

போர்டு மாட்டுவது. போர்டிலுள்ள எண் பட்டைகளில், கறுப்பான 20 நேர் மேலே இருக்க வேண்டும். நடுப்புள்ளி தரையிலிருந்து 173 செ.மீ. உயரம்.

நின்று எறிவதற்கான கோடு போடுவது. நான் தடுக்கி விழுந்த இடம் இது. கோட்டின் தூரம் 237 செ.மீ. என்று படித்ததும் சுவரிலிருந்து அளந்து டேப் ஒட்டிவிட்டேன். மூன்று மாதம் பயிற்சி செய்து, நண்பர் வீட்டில் ஆடினால் எல்லா டார்ட்டும் தாழ்ந்து போய்க் குத்துகிறது. காரணம், அளவைப் போர்டின் முகப்பிலிருந்து எடுக்க வேண்டும். போர்டின் கனமே கிட்டத்தட்ட 4 செ.மீ. அவ்வளவும் நான் முன்னால் நின்றிருக்கிறேன்.

சரியான வழி: போர்டின் முகப்பை ஒட்டித் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்திலிருந்து 237 அளங்கள். அப்புறம் நடுப்புள்ளியிலிருந்து கோட்டுக்குச் சாய்வாக அளந்து பாருங்கள். 293 வந்தால் உயரம், தூரம் இரண்டும் சரி.

டார்ட் வாங்குவது. டங்ஸ்டன், 22 முதல் 24 கிராம், அகலமான சிறகு. பித்தளை மலிவுதான், ஆனால் அதே எடைக்குத் தடிமனாக இருப்பதால் ஒன்றையொன்று இடித்துத் தள்ளும். மூன்று மாதம் கழித்து மாற்றுவதற்கு, முதலிலேயே டங்ஸ்டன் வாங்கிவிடலாம்.

எறிவது. எடையை முன்காலில் வைத்து, தோளை அசைக்காமல், முழங்கையிலிருந்து எறியுங்கள். டார்ட் போன பிறகும் கை குறியை நோக்கி நீண்டிருக்கட்டும். வேகம் தேவையில்லை.

குறி. எல்லோரும் 20-ஐ நோக்கி எறிவார்கள். அதன் இருபக்கமும் 5, 1. மூன்றையும் கூட்டினால் 26. 14-க்கு அக்கம்பக்கம் 11, 9. கூட்டினால் 34. கை நிலைப்படும் வரை 14 பக்கம் எறிவதே லாபம் என்பது என் கருத்து.

501. இந்த ஆட்டத்தில், குத்திய எண்களை 501-லிருந்து கழித்துக்கொண்டே வந்து, கடைசி டார்ட்டை இரட்டிப்பு வளையத்தில் (எண்ணை இரண்டு மடங்காக்கும் வெளிப்புற ஒல்லி வளையம்) குத்திச் சரியாகப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். குறைந்தது 9 டார்ட் ஆகும். தொலைக்காட்சியில் அதை முதலில் செய்து காட்டியவர் ஜான் லோ, 1984-இல். நமக்கு, 32 மிச்சம் வைப்பது நல்லது. இரட்டை 16 தவறி ஒற்றை 16-இல் விழுந்தாலும் இரட்டை 8 இருக்கிறது. அதுவும் அப்படித் தவறினால் இரட்டை 4.

பிற்சேர்க்கை: வாடகை வீட்டில் சுவர் பொத்தலாகிறது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். போர்டுக்குப் பின்னால் அகலமான பிளைவுட் பலகை அடியுங்கள். பலகையின் கனத்துக்குப் போர்டு முன்னால் வந்துவிடும். அதனால் டேப்பை உரித்துவிட்டு, தூக்குக்குண்டு வைத்துக் கோட்டை மறுபடி போடுங்கள்.