மாடியறையில் பத்து நாள் ஓர் ஆள்

கவிதை எழுதுகிறவர், கதை சொல்கிறவர், படம் வரைகிறவர் யாரையாவது வீட்டில் கொஞ்ச நாள் தங்கவைத்து வேலை செய்யவிடலாம் என்று நினைத்தால், முதலில் நான் செய்த தப்பைக் கேளுங்கள். டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றபின் ராமேஸ்வரத்துக்கு முந்தின ஊரான மண்டபத்தில் என் மாடியறையை இதற்கென்று ஒதுக்கினேன். ரெசிடென்சி என்கிறார்கள், எங்கள் தெருவில் ‘மாடியில தங்குற ஆளு’. முதலில் வந்தவர் ஒரு கோயம்புத்தூர் ஓவியர். உபசரிக்கிறேன் பேர்வழி என்று ஒரு நாள் தனுஷ்கோடி, மறுநாள் தேவிபட்டினம், அடுத்த நாள் ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்துச் சுவரோவியம் என்று அவரை இழுத்துக்கொண்டு அலைந்தேன். ரயில் ஏறும்போது அவர் போனில் நானூறு போட்டோ இருந்தது. நோட்டில் ஒரு கோடு இல்லை.

இப்போது முதல் மூன்று நாள் நடக்கிற தூரத்தைத் தாண்டி யாரையும் கூட்டிப்போவதில்லை. இங்கே நிலம் ஒடுங்கிக் கிடப்பதால் காலையில் தென்கடல், மாலையில் வடகடல் என்று நடந்தே பார்த்துவிடலாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அலை புரளும்; வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கும். வாடைக்குத் தலைகீழ். இரண்டு கடலை வைத்துக்கொண்டு ஆளை ஏன் வண்டியில் ஏற்ற வேண்டும்?

மாதம் பார்த்துக் கூப்பிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மழை, புயல் எச்சரிக்கை, கரண்ட் போய்விடும். ஓவியருக்கு மாசி, பங்குனி. கதை சொல்கிறவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளில் ஏதாவது ஒரு பத்து நாள். வெயில் கொளுத்தும்தான். ஆனால் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், வலை தைக்கும் கொட்டகையில் உட்கார்ந்தால் பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஒன்று மட்டும்: அவர்கள் கையில் காசில்லாத காலமும் அதுதான். ஒரு பாட்டியை இரண்டு மணி நேரம் உட்காரவைத்து 1964 புயல் கதையை வாங்கிக்கொண்டு, டீயோடு முடித்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது. அரை நாள் கூலி கொடுங்கள். புலவர்களுக்கு வாரிக்கொடுத்த கீழக்கரை சீதக்காதியைச் சொல்லிப் பெருமைப்படும் ஜில்லா இது. கதை வைத்திருக்கிறவருக்குக் கொடுக்கக் கூடாதா?

கடல்பாசி எடுக்கும் பெண்களை வரைய எல்லாருக்கும் ஆசை. விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார்கள். ஈரத்துணியோடு கரையேறும்போது கேமராவை நீட்டக் கூடாது என்று வந்த அன்றே சொல்லிவிடுங்கள். பாசியைக் காயப்போடும்போது கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காரட்டும்.

அறைக்குப் பெரிய மேசை, ஃபேன், கொசுவலை போதும். இரும்பு கிளிப் வைக்காதீர்கள். உப்புக்காற்றில் துரு ஏறித் தாளில் கறை விழும். துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் போதும். தாளைப் பாலிதீன் உறையில் வைக்கச் சொல்லுங்கள். வண்ணம் கலக்கக் குடிநீர்க் குடத்திலிருந்தே கொடுங்கள். கிணற்று உவர்நீரில் கலந்த நீலம் காய்ந்ததும் வெள்ளை பூத்துவிட்டது. (அதைப் பார்த்துவிட்டு ஒருவர் கிணற்றுத் தண்ணீரே வேண்டும் என்று கேட்டார். அவர் வழி தனி.)

கவிஞரால் தொந்தரவே இல்லை. விடிகாலைப் பாங்கு, கோயில் ஸ்பீக்கர், ரயில் சத்தம் எல்லாம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிளாஸ்கில் டீயைக் கதவருகில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். என் மனைவி, ‘இன்னைக்கு எத்தனை கவிதை ஆச்சு தம்பி?’ என்று பாசமாகத்தான் கேட்டாள். தம்பி இரண்டு நாள் கீழே இறங்கவில்லை.

சட்ட சமாச்சாரம் இரண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. தெரிந்த படகுக்காரர் கூப்பிட்டாலும் அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம் தேதி, சாப்பாட்டுச் செலவு, யார் எதைத் தருவது என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள், நண்பரானாலும்.

வாடகைக்குப் பதிலாகப் படம் கேட்காதீர்கள். நான் கேட்பது தெருவில் ஒரு மாலைப் பொழுது: எழுதியதைப் படிக்கட்டும், வரைந்ததைச் சுவரில் மாட்டட்டும். படகு போகும் நாளுக்கு முந்தின ராத்திரி வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். பத்தாம் நாளும் வேண்டாம், ஒன்பதாம் நாள் வையுங்கள். போன பங்குனியில் வந்த பெண் வரைந்த நாட்டுப்படகைப் பார்த்து ஒரு பெரியவர், ‘அணியம் இப்படி நிமிராதும்மா’ என்றார். படகின் முன்பக்கத்தைத்தான் அணியம் என்பார்கள். அன்று ராத்திரி இரண்டு மணி வரை மாடியில் விளக்கு எரிந்தது.