வெயிலை ஜமக்காளமாக நெய்வோம்: ஆர்டுயினோவும் பிரவுசரும்

பவானி ஜமக்காளம் தறியில் வளர்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நாடா ஓட ஓட ஊடை நூல் இழை இழையாகச் சேர்ந்து, பட்டை பட்டையாக நிறம் எழும். அதே முறையில் ஒரு பகலின் வெயிலைக் கணினித் திரையில் நெய்யப்போகிறோம். ஒளி உணரி தரும் ஒவ்வோர் அளவும் திரையில் ஓர் ஊடை. விளக்கை மினுக்கும் வழக்கமான முதல் பயிற்சியைவிடத் தொடக்கநிலையினருக்கு இதுவே நல்லது என்பேன். வெளியுலகம் கணினிக்குள் வருவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

தேவையானவை: ஆர்டுயினோ ஊனோ போர்டு (உணரிகளைப் படித்து நம் நிரலை ஓட்டும் சிறு மின்பலகை), யுஎஸ்பி கேபிள், எல்டிஆர் எனும் ஒளி உணரி, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை), பிரெட்போர்டு (பாகங்களைச் செருகி இணைக்கும் துளைப்பலகை), மூன்று வயர்கள். கணினியில் குரோம் அல்லது எட்ஜ் பிரவுசர் இருக்கட்டும்.

1. இணைப்பு

எல்டிஆரின் ஒரு காலை 5 வோல்ட் முனையில் இணையுங்கள். மறுகாலும் ரெசிஸ்டரின் ஒரு காலும் பிரெட்போர்டில் ஒரே வரிசையில் சேரட்டும். அங்கிருந்து ஒரு வயர் ஏ0 முனைக்கு. ரெசிஸ்டரின் மறுகால் ஜிஎன்டி முனைக்கு. வெளிச்சம் கூடினால் எல்டிஆரின் மின்தடை குறையும், ஏ0வில் மின்னழுத்தம் உயரும். அதை ஊனோ 0 முதல் 1023 வரையிலான எண்ணாகச் சொல்லும்.

2. போர்டுக்கான நிரல்

ஆர்டுயினோ மென்பொருளின் எடுத்துக்காட்டுகளில் ‘பேசிக்ஸ்’ பகுதியில் ‘அனலாக்ரீட்சீரியல்’ இருக்கிறது. அதைத் திறந்து, ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் இடையிலான காத்திருப்பான ‘டிலே’யை 200 மில்லிசெகண்டாக மாற்றி, போர்டில் ஏற்றுங்கள். போர்டு அனுப்புவதைக் காட்டும் சீரியல் மானிட்டரில் எண்கள் ஓடும். உணரியைக் கையால் மூடிப் பாருங்கள்; எண் இறங்க வேண்டும். உணரியை உங்கள் சன்னலில் வைத்து, அங்கு வரும் மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிக எண்ணையும் குறித்துக்கொண்டு, மானிட்டரைக் கட்டாயம் மூடிவிடுங்கள். அது திறந்திருக்கும்வரை போர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் வழியான சீரியல் போர்ட்டைப் பிரவுசரால் திறக்க முடியாது.

3. பிரவுசருக்கான நிரல்

பி5.ஜேஎஸ் என்பது பிரவுசரில் படம் வரைய உதவும் நிரல் தொகுப்பு. அதன் இணைய எடிட்டரில் புதிய ஸ்கெட்ச் (நிரல்) தொடங்கி, சீரியல் போர்ட்டைப் படிக்க உதவும் பி5.வெப்சீரியல் நூலகத்தைச் சேருங்கள். தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஓடும் ‘செட்டப்’பில் 720 பிக்சல் உயரக் கேன்வாஸ் (வரையும் பரப்பு), ஒரு சீரியல் பொருள், ஒரு பட்டன். பட்டனை அழுத்தும்போது 9600 வேகத்தில் போர்ட் திறக்கட்டும். பயனர் தாமாகக் கிளிக் செய்யாமல் எந்தப் பக்கமும் கருவியைத் தொடக்கூடாது என்பது பிரவுசரின் விதி, நல்ல விதி.

திரும்பத் திரும்ப ஓடும் ‘டிரா’வில் வரி முடியும்வரை படித்து, வரி வந்திருந்தால் மட்டும் எண்ணாக மாற்றி, அந்த எண்ணுக்குரிய நிறத்தில் கேன்வாஸின் முழு அகலத்துக்கும் ஒரு கோடு. பிறகு ஒரு பிக்சல் கீழே இறங்க வேண்டும். ‘டிரா’வுக்குள் ‘பேக்ரவுண்ட்’ கட்டளையை எழுதாதீர்கள். எழுதினால் நெய்த இழையெல்லாம் ஒவ்வொரு முறையும் அழிந்துபோகும்.

4. நிறம்

பலரும் எண்ணைக் கருப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் சாயலாக்குவார்கள். மங்கலாக இருக்கும். ஜமக்காளம் அப்படி நெய்யப்படுவதில்லை. சிவப்பு சிவப்பாகவே நின்று, பச்சை தொடங்கும் இடம் பளிச்சென்று தெரியும். ஆகவே நான்கு நிறங்களை வரிசையாக வைத்துக்கொண்டு, எண்ணை 256 ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிடுங்கள். 0 முதல் 3 வரை கிடைப்பதே நிறத்தின் இடம். எல்லாம் ஒரே நிறமாக வந்தால், முன்பு குறித்த இரு எண்களுக்கிடையே எல்லைகளைப் பிரியுங்கள்.

எல்லாம் சரியாக ஓடியதும் ‘டிலே’யை 60000 ஆக்குங்கள். நிமிடத்துக்கு ஓர் இழை. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை 720 இழைகள். கணினி உறங்காதபடி அமைத்து, அந்தப் பக்கத்தைத் திரையிலேயே வைத்திருங்கள். பின்னால் மறைந்தால் ‘டிரா’ நின்றுவிடும்.

பங்குனி வெயிலில் ஈரோட்டில் நெய்தால் அகலமான பட்டைகள் வரும். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகங்களைத் துரத்தும் நாளில் பொள்ளாச்சியில் நெய்து பாருங்கள்: ஓரிழை, ஈரிழையாக நிறங்கள் மாறிக்கொண்டே இருக்கும். படத்தைச் சேமிக்க ‘சேவ்கேன்வாஸ்’ கட்டளையை ஒரு விசையோடு இணைத்துவிடுங்கள். எல்டிஆர் இருந்த இடத்தில் அனலாக் மண் ஈர உணரியின் வெளியீட்டு வயரை ஏ0வில் செருகினால், இதே நிரல் தென்னைக்குத் தண்ணீர் பாய்ந்த நாளையும் நெய்யும்.