ரத்தம் பீய்ச்சுகிறதா? ஆம்புலன்ஸ் வரும்வரை செய்ய வேண்டியது

108-ஐக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடுவது, கையில் கையுறையோ பிளாஸ்டிக் கவரோ மாட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராகக் காயத்துக்கு வருகிறேன்.

முதலில் பேன்ட்டையோ சட்டையையோ வெட்டி, ரத்தம் வரும் இடத்தைக் கண்ணால் பாருங்கள். பீய்ச்சி அடித்தாலோ, தரையில் தேங்கினாலோ தாமதிக்க நேரமில்லை. பெரியவர் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

அடுத்து, அழுத்துவது. ஆளைத் தரையில் கிடத்துங்கள். கார் சீட்டில் வைத்து அழுத்தினால் சீட்டுதான் அமுங்கும். சுத்தமான துணியை வைத்து, முழங்கையை மடக்காமல், உங்கள் எடை முழுவதும் இறங்கும்படி இரண்டு கையாலும் அழுத்துங்கள். பயிற்சியில் எனக்குப் பிடிபட நேரமானது இதுதான்: நின்றுவிட்டதா என்று தூக்கிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். தூக்கினால் உறையத் தொடங்கியது பிய்ந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். ஆம்புலன்ஸ்காரர் கை வைக்கும்வரை விடாதீர்கள்.

அக்குள், தொடை இடுக்கு மாதிரி இடங்களில் காயம் குழியாக இருந்தால், துணியை விரலால் அடிவரை திணித்து நிரப்பிவிட்டு அழுத்த வேண்டும். வலியில் கத்துவார், பரவாயில்லை. மார்பிலும் வயிற்றிலும் எதையும் திணிக்கக் கூடாது. குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்கவும் கூடாது.

கை, காலில் அழுத்தியும் அடங்கவில்லையா? அப்புறம் டூர்னிக்கே, அதாவது தண்டை முறுக்கி இறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் பட்டை. காயத்துக்கு 2-3 அங்குலம் மேலே (உடம்புப் பக்கமாக), மூட்டைத் தவிர்த்துக் கட்டி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். தளர்த்துவது மருத்துவர் வேலை.

வண்டியில் வைக்க என் தேர்வு: இரண்டு காஸ் ரோல், 6 அங்குல கிரேப் பேண்டேஜ், நல்ல கத்தரி. பஞ்சு வேண்டாம், காயத்தில் ஒட்டிக்கொள்ளும். மலிவான டூர்னிக்கேயில் முறுக்கும் தண்டு உடையும். அதற்குப் பதில் இன்னும் இரண்டு காஸ் ரோல் வாங்கலாம்.

பின்சேர்க்கை: டூர்னிக்கேவுக்குப் பதில் பெல்ட் போதுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். பெல்ட்டைத் தேவையான அளவு இறுக்கவே முடியாது. பருத்தித் துப்பட்டாவை நாலு விரல் அகலத்துக்கு மடித்துக் கட்டி, உறுதியான குச்சியை முடிச்சில் வைத்து முறுக்கலாம். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் போடாதீர்கள்.

'போலீஸ் கேஸ் ஆகுமே' என்று ஒருவர் தயங்கியிருந்தார். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு, விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.