டாஃபடில் வளர்ப்பு: பூ வாடிய பிறகுதான் வேலையே

டாஃபடில் என்பது கிழங்கிலிருந்து முளைத்து வசந்தத்தில் பூக்கும், பூ நடுவில் குழல் நீட்டிய செடி. முதல் வருஷம் அமோகமாகப் பூத்தது, அடுத்த வருஷம் வெறும் இலைதான் வந்தது என்று புலம்பாத டாஃபடில்காரர் குறைவு. பெரும்பாலும் குற்றவாளி நம் கையில் இருந்த கத்தரிக்கோல்தான். வாங்கும் கிழங்குக்குள் அந்தப் பருவத்துப் பூ ஏற்கெனவே உருவாகி உட்கார்ந்திருக்கும், யார் நட்டாலும் பூத்துவிடும், அதில் நம் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. அடுத்த பூவோ, இந்தப் பூ வாடிய பிறகு இலைகள் வெயிலில் சேர்த்துக் கொடுக்கும் சத்தை நம்பித்தான் கிழங்குக்குள் உருவாகிறது. அதனால் பூ வாடியதும் அதை மட்டும் கிள்ளிவிட்டு, இலைகளைக் குறைந்தது ஆறு வாரம் தொடாதீர்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். சிலர் இலைகளைப் பின்னிக் கட்டி அழகு பார்க்கிறார்கள், வெயில் படாத இலையால் செடிக்கு என்ன லாபம்? தானாக மஞ்சளாகிச் சாயட்டும்.

சரி, நடவு. இலையுதிர் காலத்தில் மண் குளிர ஆரம்பித்ததும், கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில், கூர்முனை மேலே இருக்கும்படி நடுங்கள். சாதாரணக் கிழங்குக்குச் சுமார் 15 செ.மீ. ஆழம் வரும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் வேண்டாம். அடிப்பாகத்தை அழுத்தும்போது மெத்தென்றிருந்தால் அழுகல் நோய், அந்தக் கிழங்கை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். இன்னொன்று, டாஃபடில் கிழங்கு விஷம். வெங்காயம் மாதிரியே இருப்பதால் சமையலறைப் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள்.

குளிர்காலத்தில் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே வேர் ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலான ரகங்களுக்கு 12 முதல் 16 வாரம் நல்ல குளிர் வேண்டும், அது இல்லாமல் பூந்தண்டு சரியாக நீளாது. குளிரே இல்லாத ஊரென்றால் அத்தனை வாரமும் கிழங்கை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து நடலாம். பக்கத்தில் ஆப்பிள் இருக்கக் கூடாது, பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் பேப்பர்வைட் ரகம் வாங்குங்கள், அதற்குக் குளிர் தேவையில்லை.

கோடையில் செடி தூங்கும், தண்ணீர் ஊற்றி எழுப்பாதீர்கள். கொத்து நெருக்கமாகிப் பூ குறைந்தால் அப்போதுதான் தோண்டிப் பிரித்து நட வேண்டும்.

அப்புறம், எனக்குப் பிடித்த பகுதி: புது ரகம் உண்டாக்குவது. கிழங்கைப் பிரித்தால் அதே செடிதான் திரும்ப வரும். விதையிலிருந்து வருவது ஒவ்வொன்றும் தனி முகம். தாயாக வைக்கும் பூ விரியத் தொடங்கும்போதே, மகரந்தப்பைகள் வெடிப்பதற்குள், நடுக்குழலை ஒரு பக்கம் கிழித்து ஆறு பைகளையும் இடுக்கியால் பிடுங்கிவிடுங்கள். கதகதப்பான, ஈரமில்லாத நாளாகப் பார்த்து, இன்னொரு ரகத்தின் மகரந்தத்தை நடுவில் ஒட்டும் பதத்தில் இருக்கும் சூல்முடியில் தடவி, மறுநாளும் ஒருமுறை தடவினால் நல்லது. அப்பா ரகம் சீக்கிரமே பூத்து முடிந்துவிடுமா? அதன் மகரந்தத்தைக் காயவைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு ஃப்ரிட்ஜில் பத்திரப்படுத்துங்கள். உடனே லேபிள் கட்டுங்கள், தாய் பெயர் முதலில், தந்தை பெயர் அடுத்து. ஞாபகம் இருக்கும் என்று நம்பிக் கோட்டைவிட்டவன் நான், எந்தக் காய் யாருடைய பிள்ளை என்று இன்றுவரை தெரியவில்லை. அடுக்குப் பூக்களிலும் டெத்-ஆ-டெத் போன்ற மலட்டு ரகத்திலும் முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

மகரந்தம் தடவிய பூவை மட்டும் வாடினாலும் கிள்ளாதீர்கள், அதன் பின்னால்தான் காய் உப்பும். வசந்தம் முடியும் சமயத்தில் அது பழுப்பேறி வெடிக்கப் பார்க்கும், அதற்குள் பறித்துவிட்டால் கறுப்பு விதைகள் சிந்தாமல் கைக்கு வரும். கோடை முடிவதற்குள் ஆழமான தொட்டியில் ஒரு செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். முதல் வருஷம் புல் மாதிரி ஒற்றை இலைதான் வரும், களை என்று பிடுங்கிவிடாதீர்கள். இரண்டு வருஷம் தொட்டியில் வளர்த்து, பிறகு தரைக்கு மாற்றலாம். பூவைப் பார்க்க விதைத்த நாளிலிருந்து மூன்று முதல் ஐந்து வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். இளஞ்சிவப்புக் குழலுக்குப் பேர்போன மிஸஸ் ஆர். ஓ. பேக்ஹவுஸ் ரகத்தை உருவாக்கிய சாரா பேக்ஹவுஸ் 1921-இல் இறந்தார், அவர் பெயரைத் தாங்கிய அந்தப் பூ வெளியுலகுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அதனால் ஒரு வருஷம் விதைத்துவிட்டு ஐந்து வருஷம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்காமல், வருஷாவருஷம் ஒரு தொட்டி விதையுங்கள், ஐந்தாவது வருஷத்திலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் ஏதாவது ஒரு புதுமுகம் பூக்க வாய்ப்புண்டு. பெரும்பாலானவை சுமாராகத்தான் இருக்கும். முதல் பூவை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் இன்னும் இரண்டு பருவம் பார்த்துவிட்டு, பிடிக்காததைக் கழித்துவிடுங்கள்.