கேட் எக்ஸாமுக்கு படிக்கிற நம்ம மலைப் பசங்க பண்ற தப்புங்க, முக்கியமா அந்த வேர்ட் லிஸ்ட்

குன்னூர்ல ஞாயித்துக்கிழமையானா அஞ்சாறு பேர் கேட் எக்ஸாமுக்கு (CAT, ஐஐஎம்ல எம்பிஏ சேர எழுதறது) சேர்ந்து படிக்கிறாங்க, நானும் போய் உக்காருவேன். நாங்க படிச்சப்போ பண்ண அதே தப்பை இவங்களும் அச்சு மாறாம பண்றத பாத்துட்டு சும்மா இருக்க முடியல, அதான் எழுதறேன். தினமும் படிங்க, மொபைல தள்ளி வைங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சத நான் சொல்லப்போறதில்ல.

சீனியர் சொன்ன பழைய டைம் பிளான்

2019 வரைக்கும் 180 நிமிஷம், 100 கேள்வி. 2020ல இருந்து 120 நிமிஷம்தான், மூணு செக்ஷன், ஒவ்வொன்னுக்கும் 40 நிமிஷம், ஒன்னுல மிச்சமான டைம அடுத்ததுக்கு கொண்டுபோக முடியாது. 2024ல மொத்தமே 68 கேள்வி. பழைய பிளான தூக்கி ஓரமா வைங்க.

வேர்ட் லிஸ்ட் மனப்பாடம்

இத பாத்தா எனக்கு இன்னைக்கும் கோவம் வருது. தமிழ் மீடியத்துல படிச்சுட்டு வர்ற பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ்னா ஒரு பயம், அந்த பயத்துல முதல்ல வாங்கறது வேர்ட் லிஸ்ட் புக்குதான். கோத்தகிரில இருந்து வர்ற ஒரு பொண்ணு, பி.காம் கடைசி வருஷம், நோட்டுல இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை வலது பக்கம் தமிழ் அர்த்தம்னு கோடு போட்டு பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்கா, பஸ்ல வரும்போதும் அதத்தான் திருப்பித் திருப்பி பாக்கறா. அவ்ளோ உழைக்கிற பிள்ளைக்கு மாக் டெஸ்ட்ல, அதாவது மாதிரித் தேர்வுல, வெர்பல் செக்ஷன் (இங்கிலீஷ் பகுதி) மட்டும் மேல ஏறவே இல்ல.

ஒரு பாசேஜ எடுத்து, "ரெண்டாவது பாராவுல தெரியாத வார்த்தை இருக்கா பாரும்மா"ன்னேன். "இல்லக்கா, எல்லாம் தெரியும்." "சரி, அந்த பாரா எதுக்கு அங்க வந்திருக்கு? முதல் பாராவ ஒத்துக்குதா, மறுக்குதா?" பதில் இல்ல.

அவ தப்புன்னு சொல்ல மாட்டேன், அந்த புக்க கையில குடுத்தவங்க தப்பு. 2024 பேப்பர்ல வெர்பல்ல 24 கேள்வி, அதுல 16 பாசேஜ படிச்சு பதில் சொல்றது, மிச்சம் 8ம் கலைஞ்ச வாக்கியத்த வரிசைப்படுத்தறது, பாராவ சுருக்கறது, சேராத வாக்கியத்த கண்டுபிடிக்கறது இந்த மாதிரி. நேரா ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு ஒரு கேள்வி கூட கிடையாது. மாசக்கணக்கா போட்ட உழைப்பு எங்க போய் சேருது சொல்லுங்க.

அவங்க நெஜமாவே பாக்கறது என்னன்னு நம்ம ஊர் விஷயத்தையே வெச்சு சொல்றேன். ஊட்டி பக்கம் சோலைக்காட்டு புல்வெளில சீகை மரம் (வாட்டில்), யூகலிப்டஸ் நட்டதப் பத்தி ஒரு பாசேஜ்னு வெச்சுக்கங்க. எழுதினவர் சொல்றது இதுதான்: புல்வெளி மழைத்தண்ணிய புடிச்சு வெச்சு ஓடைக்கு விடுது, ஆனா அத தரிசுன்னு கணக்குல எழுதினாங்க, அதனாலதான் மரம் நட்டா நல்லதுன்னு தோணுச்சு. கேள்வி, எழுதினவர் எத ஒத்துக்குவார்?

முதல் ஆப்ஷன், வெளிநாட்டு மரம் எல்லாத்தையும் உடனே வெட்டணும். அவர் அப்படி சொல்லவே இல்ல, கருத்த ரொம்ப தூரம் இழுத்துட்டாங்க. ரெண்டாவது, பிரிட்டிஷ்காரங்க காலத்துல விறகுக்காக சீகை வந்துச்சு. இது உண்மைதான், நம்ம பிள்ளைங்களுக்கு சின்ன வயசுல இருந்து தெரியும், அதனாலயே டக்குன்னு இத டிக் பண்ணிருவாங்க, ஆனா பாசேஜ்ல அந்த பேச்சே இல்ல. மூணாவது, புல்வெளி இருந்தா தண்ணிப் பஞ்சமே வராது. பாதி சரி, மீதி அவங்களா சேத்தது, இந்த பாதி சரிதான் ரொம்ப பேர கவுக்கறது. நாலாவது, ஒரு நிலத்துக்கு நாம என்ன பேர் வைக்கிறோமோ அதுவே அந்த நிலத்தோட கதிய மாத்திரும். இதுதான் விடை, ஏன்னா அவர் வாதம் முழுக்க அந்த ஒரு புள்ளியிலதான் நிக்குது. இதுல கஷ்டமான வார்த்தை எங்கங்க இருக்கு?

அதனால லிஸ்ட மூடிட்டு தினம் ஒரு நல்ல கட்டுரை படிங்க, அறிவியல், வரலாறு, பொருளாதாரம் எதுவா வேணா இருக்கட்டும், ஒவ்வொரு பாராவும் என்ன வேலை செய்யுதுன்னு ஓரத்துல ஒரு வரி எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க, அதுல வெக்கப்பட ஒன்னுமில்ல, தமிழ்ல சொல்ல வந்துருச்சுன்னா புரிஞ்சிருச்சுன்னுதான் அர்த்தம். தெரியாத வார்த்தை வந்தா நிக்காம போங்க, முக்கால்வாசி நேரம் அடுத்த வரியே சொல்லிரும். அப்புறம் பழைய கேட் பேப்பர்ல இருக்கற பாசேஜ எடுத்து, சரியான விடை ஏன் சரின்னு பாக்கறத விட மத்த மூணும் ஏன் தப்புன்னு எழுதிப் பாருங்க. அந்தப் பொண்ணு இப்ப அதத்தான் பண்றா, நோட்டு அதே நோட்டுதான்.

கணக்குல ஸ்கோர் பண்ணி வெர்பல சமாளிச்சுக்கலாம்

முடியாது. ஐஐஎம்ங்க ஒவ்வொரு செக்ஷனுக்கும் தனியா குறைஞ்சபட்ச பர்சன்டைல் (எழுதினவங்கள்ல நூத்துக்கு எத்தன பேர விட மேல இருக்கீங்கன்னு காட்டறது) பாக்கறாங்க.

டைப் பண்ற கேள்விய காலியா விடறது

ஆப்ஷன் இருக்கற கேள்விக்குத்தான் தப்பானா ஒரு மார்க் போகும். ஆப்ஷன் இல்லாம விடைய நாமளே டைப் பண்ற கேள்விக்கு போகாது. எதாவது போடுங்க.

போன்ல மாக் எழுதறது

வேண்டாம். லேப்டாப் இல்லன்னா பிரவுசிங் சென்டர் போங்க.

சர்டிபிகேட்ட கடைசியில பாத்துக்கலாம்

ஸ்கூல், காலேஜுக்கு குடுத்த பிசி, எம்பிசி சர்டிபிகேட்டயே இதுக்கும் போட்டுரலாம்னு நினைக்காதீங்க. ஐஐஎம்ங்க கேக்கறது மத்திய அரசு படிவத்துல இருக்கற ஓபிசி நான் கிரீமி லேயர் (பிற்படுத்தப்பட்டவங்கள்ல வசதியானவங்க பட்டியல்ல வராதவங்க) சர்டிபிகேட், உங்க சாதி மத்திய அரசு லிஸ்ட்டுல இருக்கான்னும் பாக்கணும். அப்ளிகேஷன்ல ஒரு தடவை கேட்டகிரி போட்டுட்டா அப்புறம் மாத்த விடமாட்டாங்க. தாலுகா ஆபீஸ் வேலை எவ்ளோ இழுக்கும்னு உங்களுக்கே தெரியும், ரிஜிஸ்ட்ரேஷன் தொறக்கறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துருங்க.

அன்னைக்கு காலைல கிளம்பி கோயம்புத்தூர் போறது

எக்ஸாம் நவம்பர் கடைசில வருது, நமக்கு அதுதான் வடகிழக்கு மழை நேரம். 2009 நவம்பர்ல குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கம் மண்சரிவு எப்படி இருந்துச்சுன்னு வீட்ல பெரியவங்கள கேளுங்க. பர்லியார் பக்கம் ஒரு மரம் சாஞ்சாலே போதும், மேட்டுப்பாளையம் ரோடு நின்னுரும், கோத்தகிரி வழியா சுத்தணும், அதுவும் தொறந்திருந்தாதான். எந்த ஸ்லாட்னு நீங்க தேர்ந்தெடுக்க முடியாது, காலை ஸ்லாட் வந்தா 8:30க்கு எக்ஸாம், 8:15க்கு மேல உள்ள விடமாட்டாங்க. சனிக்கிழமை மதியத்துக்குள்ள கீழ இறங்கி சொந்தக்காரங்க வீட்லயோ லாட்ஜ்லயோ தங்கிக்கங்க, சாயங்காலமே போய் சென்டர் எங்க இருக்குன்னு பாத்துட்டு வந்துருங்க, ஹால் டிக்கெட்ட ரெண்டு காப்பி எடுத்து ஐடி ப்ரூப் ஒரிஜினலோட ஒரே கவர்ல போட்டு வைங்க.